போகும்போது ஏழு, வரும்போது ஒன்பது

டெல்லியிலிருந்து டோக்கியோவுக்கு நேரடி விமானத்தில் டிக்கெட் எடுத்தவர்கள், அதில் அச்சாகியிருக்கும் நேரங்களைப் பார்த்து முதலில் கொஞ்சம் குழம்பத்தான் செய்வார்கள். மாலையில் ஏறி மறுநாள் விடியலில் இறங்கும் பயணம் பத்தரை மணி நேரம் என்று தோன்றும். திரும்பி வரும் பயணமோ ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதாகத் தெரியும். ஜப்பானின் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் வரும் குழப்பம் இது. அந்த மூன்றரையை ஒரு பக்கம் கழித்து மறுபக்கம் கூட்டிப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. டோக்கியோ போக ஏழு முதல் ஏழரை மணி நேரம். டெல்லி திரும்ப ஒன்பது முதல் ஒன்பதரை மணி நேரம்.

அதே இரண்டு ஊர்கள், அதே வகை விமானம், அதே எஞ்சின்கள். வருவதற்கு மட்டும் ஏன் இரண்டு மணி நேரம் கூடுதல்?

தூரத்திலிருந்து தொடங்கலாம். பூமி உருண்டை என்பதால் இரு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட ஒரு பெருவட்டத்தின் வில்லாகத்தான் இருக்கும். டெல்லியிலிருந்து ஒரு கோடும் டோக்கியோவிலிருந்து ஒரு கோடும் பூமியின் மையத்துக்கு இழுத்தால் அவற்றுக்கு இடையே உள்ள கோணம் ஏறக்குறைய 52.7 பாகை. ஒரு பாகைக்கு அறுபது கடல்மைல். பெருக்கினால் 3,160 கடல்மைல், அதாவது சுமார் 5,860 கி.மீ. விமானிகள் இன்றும் கடல்மைலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்தக் கணக்கின் எளிமை ஒரு காரணம். கோணத்தைச் சொன்னால் தூரம் கையில் வந்துவிடும்.

அந்த வில் எந்தெந்த இடங்களுக்கு மேலே போகிறது என்று உருண்டையில் நூல் பிடித்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. டோக்கியோ டெல்லிக்குக் கிழக்கே, சற்றே வடக்கே இருக்கிறது. ஆனால் நூல் நேர்கிழக்கே போகாமல் வடகிழக்காக ஏறுகிறது. நேபாளத்தின் வடமேற்கு மூலையைத் தொட்டு, கயிலை மலைக்கு நூறு கிலோமீட்டர் போலத் தெற்கே திபெத்துக்குள் நுழைகிறது. மனிதர் அதிகம் வாழாத சாங்தாங் பீடபூமியைக் குறுக்கே கடந்து, சீனாவின் லான்ஜோ நகரை ஒட்டிப் போய், ஷான்டோங் தீபகற்பத்தின் மேல் 37 பாகை வட அட்சரேகையைத் தொடுகிறது. அங்கிருந்து மஞ்சள் கடல், சியோலுக்குச் சற்றுத் தெற்கே கொரியா, ஜப்பான் கடல், பிறகு டோக்கியோ. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுக்கும் கோடு இதைவிட ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நீளமானது.

இந்த அழகான வில்லின் மீது டெல்லி–டோக்கியோ பயணிகள் விமானம் பறப்பதில்லை. காரணம் திபெத்து.

பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு எவரெஸ்ட்டே தடையில்லையே, திபெத்து எப்படித் தடையாகும் என்று கேட்கலாம். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை தடையில்லைதான். ஆனால் விமானப் பாதைகளை வகுப்பவர்கள், ஒழுங்கு குலையும் அந்த ஒரு நிமிடத்தை மனதில் வைத்தே கோடு போடுகிறார்கள். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வெளியே உள்ள காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கால்பங்குக்கும் குறைவு. நாம் உள்ளே இயல்பாக மூச்சுவிட்டுக்கொண்டு சாப்பிடுவதும் தூங்குவதும், எஞ்சின்களின் துணையோடு காற்றை உள்ளே அழுத்தி வைத்திருப்பதால்தான். அப்படி வைத்திருந்தும் கடல்மட்ட அழுத்தம் கிடைத்துவிடுவதில்லை. உதகமண்டலத்தில் இருக்கிற அளவுக்குத்தான் கிடைக்கிறது. எங்கோ ஒரு பிளவு ஏற்பட்டு அந்த அழுத்தம் போய்விட்டால், தெளிவான நினைவோடு செயல்பட நமக்குக் கிடைப்பது அரை நிமிடமோ ஒரு நிமிடமோ. தலைக்கு மேலிருந்து மஞ்சள் முகமூடிகள் விழும். பல விமானங்களில் அந்த ஆக்சிஜன் சிலிண்டரில் இருந்து வருவதில்லை. இருக்கைக்கு மேலே உள்ள சிறு கலனில் வேதிப்பொருள் எரிந்து அப்போதுதான் உண்டாகிறது. பன்னிரண்டு முதல் இருபது நிமிடம் வரை வரும். அதற்குள் விமானி விமானத்தைப் பத்தாயிரம் அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு, இறக்கிவிட வேண்டும். அங்கே முகமூடி இல்லாமலே மூச்சுவிடலாம்.

திபெத்தியப் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல். இறங்கவேண்டிய உயரத்தில் அங்கே காற்று இல்லை, மண் இருக்கிறது. நாம் நூல் பிடித்த வில் இந்தப் பீடபூமியின் மேல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல் போகிறது. நடுவில் இருக்கும்போது ஏதாவது நடந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாழ்நிலத்தை எட்ட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முகமூடியின் இருபது நிமிடம் போதாது. இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றுபோனாலும் சிக்கல்தான். மீதமுள்ள ஒன்று விமானத்தைப் பதினோரு கிலோமீட்டரில் தாங்காது, மெல்ல மெல்லக் கீழே இறங்கவேண்டும், கீழே சிகரங்கள் காத்திருக்கும். லாசாவுக்கு விமானங்கள் தினமும் போகின்றனவே என்றால், அவை கூடுதல் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, தனிப் பயிற்சி பெற்ற விமானிகளோடு, 3,570 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓடுதளத்தில் இறங்குவதற்கென்றே தயார் செய்யப்பட்டவை. எல்லா விமானத்திலும் அந்தச் சுமையை ஏற்றிக்கொண்டு பறப்பதைவிடச் சுற்றிப் போவது மேல்.

ஆகவே டெல்லி–டோக்கியோ விமானம் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் தென்கிழக்கே திரும்பிக் கங்கைச் சமவெளியின் நெடுக்கே போகிறது. பகல் வெளிச்சம் இருந்தால் இடப்புற ஜன்னலில் இமயம் தெரியும். பிறகு வங்கதேசம், மியன்மாரின் வடபகுதி, சீனாவின் யுன்னான் மாநிலத்தில் குன்மிங், அங்கிருந்து கிழக்கே சரிந்து ஷாங்காய்ப் பக்கம், கிழக்குச் சீனக் கடல், ஜப்பானின் கியூஷு தீவு, டோக்கியோ. சீன வான்வெளிக்குள் நுழைந்ததும் உயரத்தை அடிக்கணக்கில் சொல்வதை விட்டு மீட்டருக்கு மாறவேண்டும் என்பது விமானிகளுக்கு ஒரு சின்ன வேலை. டெல்லி, குன்மிங், ஷாங்காய், டோக்கியோ என்று மூன்று துண்டாகக் கூட்டினால் ஏறக்குறைய 6,300 கி.மீ. வருகிறது. திபெத்து நம்மிடம் வாங்கும் சுங்கம் 440 கி.மீ.

குன்மிங்குக்கு இந்தியாவிலிருந்து பறப்பதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு உண்டு. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்துச் சீனாவுக்கான சாலையை அடைத்தபோது, அமெரிக்கர்கள் அசாமின் விமானத்தளங்களிலிருந்து குன்மிங்குக்கு வானத்திலேயே சரக்குப் பாலம் கட்டினார்கள். இமயத்தின் கிழக்கு வால்பகுதியைத் தாண்டிப் போன அந்த வழியில் 1945 வரை ஆறரை லட்சம் டன் சரக்கு போனது. நூற்றுக்கணக்கான விமானங்கள் மலைகளில் மோதியும் பனிப்புயலில் சிக்கியும் அழிந்தன. அழுத்தம் நிரப்பப்படாத அந்த விமானங்களில் போன இளைஞர்கள், வரைபடத்தில் இல்லாத சிகரங்களுக்கு நடுவே, தாங்கள் கணக்கிட்ட இடத்தில் தாங்கள் இல்லை என்பதைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். மேற்கிலிருந்து வீசிய காற்று அவர்களைத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. அந்தக் காற்றைப் பற்றித்தான் இனிப் பேசவேண்டும்.

அதற்கு முன், பலர் மனதில் இருக்கும் ஒரு தவறான விடையை நீக்கிவிடலாம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. விமானம் மேலே ஏறியதும் பூமி அடியில் நகர்ந்துவிடுகிறது. அதனால்தான் ஒரு பக்கம் சீக்கிரம், மறுபக்கம் தாமதம் என்று சொல்வார்கள். ஒரு நிமிடம் நின்று யோசித்தால் இந்த விளக்கம் எதிர்த்திசையில் போவது தெரியும். பூமி கிழக்காக நழுவினால் கிழக்கே இருக்கும் டோக்கியோ விமானத்தைவிட்டு விலகித்தானே ஓடும்? போகும் பயணம் அல்லவா நீளவேண்டும்? உண்மையில் டெல்லி ஓடுதளத்தில் நிற்கும் விமானம், அதன் சக்கரம், அதைச் சுற்றியுள்ள காற்று எல்லாமே பூமியோடு சேர்ந்து மணிக்கு 1,460 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. காற்று மட்டும் பூமியோடு சுழலாமல் நின்றிருந்தால் டெல்லியில் எப்போதும் அந்த வேகத்தில் கீழைக்காற்று அடித்து ஊரையே வழித்துக்கொண்டு போயிருக்கும்.

ஆனால் பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்று முடித்துவிடவும் கூடாது. பங்கு உண்டு, அது விமானத்தின் மேல் நேராக வேலை செய்யாமல் காற்றின் வழியாக வேலை செய்கிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. 30 பாகை அட்சரேகையில் அந்த வேகம் 1,450 கி.மீ. தான். வெப்பமண்டலத்தில் சூடாகி மேலெழும் காற்று உயரே போய் வடக்கு நோக்கி நகரும்போது, பூமியின் அச்சுக்கு அருகே வந்துகொண்டே இருக்கிறது. சுழலும் பொருள் அச்சை நெருங்கினால் வேகம் கூடும் என்பது இயற்பியலின் உறுதியான விதி. ஆகவே அந்தக் காற்று அடியில் உள்ள தரையை முந்திக்கொண்டு கிழக்கே பாய்கிறது. தடையே இல்லாவிட்டால் 30 பாகையை எட்டும்போது அது தரையைவிட மணிக்கு 480 கி.மீ. வேகமாக ஓடவேண்டும். உராய்வும் சுழல்களும் அதைக் குறைத்துவிடுகின்றன. மிஞ்சுவதே ஜெட் காற்று: சில நூறு கிலோமீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் கனமும் கொண்டு, பூமியைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஒரு பாய்ச்சல். தெற்கே வெப்பக் காற்றும் வடக்கே குளிர்க் காற்றும் எவ்வளவு நெருக்கமாக எதிரெதிரே நிற்கின்றனவோ அவ்வளவுக்கு அது வலுக்கும்.

இதை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானியர். டோக்கியோவுக்கு வடகிழக்கே ததேனோ என்ற இடத்தில் 1920இல் மேல்வளிமண்டல ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வசபுரோ ஓயிஷி. கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சீரான வேகத்தில் ஏறும் பலூனை விடுவது, கோணமானி பொருத்திய தொலைநோக்கியில் அதைத் தொடர்ந்து பார்ப்பது, நிமிடத்துக்கு நிமிடம் கோணத்தைக் குறித்துக்கொள்வது. பலூன் நகர்ந்த வேகமே காற்றின் வேகம். 1923 முதல் 1925 வரை பொறுமையாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்களை அவர் இப்படிப் பின்தொடர்ந்தார். 1924 டிசம்பர் 2ஆம் தேதி ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் அவர் கண்ட காற்றின் வேகம் நொடிக்கு 72 மீட்டர், மணிக்கு 260 கி.மீ. புயல்காற்றைவிட வேகமான ஒன்று தெளிந்த வானத்தில், கீழே நிற்பவருக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

1926இல் வெளியிட்ட தன் அறிக்கையை ஓயிஷி எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட அந்த மொழியில் அவருக்கு உண்மையான பற்று இருந்தது. வெளியுலகில் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. 1944 நவம்பரில் டோக்கியோவின் மேல் முதல் முறை பெரும் படையாக வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் அடித்துச் செல்லப்பட்டுக் குண்டுகளைக் குறிதவறிப் போட்டன. பதினெட்டு ஆண்டுக்கு முன் அச்சான அந்த எண்கள் அவர்கள் கையில் இல்லை. அதே குளிர்காலத்தில் ஜப்பானிய ராணுவம் அந்தக் காற்றை நம்பி ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட வெடிகுண்டு பலூன்களைப் பசிபிக்கின் குறுக்கே விட்டது. அவற்றில் ஒன்று 1945 மே மாதம் ஓரிகன் மாநிலக் காட்டில் ஐந்து சிறுவர்களையும் ஒரு கர்ப்பிணியையும் கொன்றது. அமைதியாக அளக்கப்பட்ட ஓர் அறிவு முதலில் போய்ச் சேர்ந்த இடம் அது என்பது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

உலகிலேயே மிக வலுவான ஜெட் காற்று கிழக்கு ஆசியாவிலும் ஜப்பானின் மேலும்தான் வீசுகிறது. இங்கே மறுபடியும் திபெத்து வருகிறது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் ஜெட் காற்று அந்தப் பீடபூமியில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே சுற்றிக்கொண்டு போகிறது. மற்றொன்று இமயத்தின் தெற்கு ஓரமாக, ஏறக்குறைய டெல்லியின் தலைக்கு மேலே, வட இந்தியாவைக் கடந்து போகிறது. சீனாவைத் தாண்டும்போது இரண்டும் மறுபடி நெருங்கிச் சேர்கின்றன. அங்கே சைபீரியாவிலிருந்து இறங்கும் கடுங்குளிர் ஒரு பக்கம், பசிபிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் மறுபக்கம். ஜனவரியில் தெற்கு ஜப்பானின் மேல் இந்தக் காற்றின் சராசரி வேகமே மணிக்கு 200 கி.மீ.க்கு மேல், 300ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. நம் விமானம் திபெத்தைத் தவிர்க்கத் தெற்கே சுற்றிப் போகிறதே, அந்தத் தடம் முழுவதும் இந்தத் தென்கிளைக்கு உள்ளேயும் அருகேயும்தான் போகிறது. பாதையை நீட்டிய அதே மலைதான் போகிறவருக்கு நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது, வருகிறவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள். இன்றைய பெரிய விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 விழுக்காட்டில் பறப்பவை. அந்தக் குளிரில் அது ஏறக்குறைய இவ்வளவுதான். காற்று சராசரியாக மணிக்கு 150 கி.மீ. என்போம். பின்காற்றோடு போகும்போது தரையின் மேல் வேகம் 1,050 ஆகிறது, 6,300 கி.மீ.க்கு ஆறு மணி நேரம். எதிர்காற்றில் வரும்போது 750. அதே தூரத்துக்கு எட்டு மணி 24 நிமிடம். ஓடுதளத்தை நோக்கி ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்கச் சுற்றுவது எல்லாம் சேர்ந்து பக்கத்துக்கு ஒரு மணி நேரம் கூடும். டிக்கெட்டில் பார்த்த ஏழும் ஒன்பது சொச்சமும் வந்துவிட்டன.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஏற இறங்க ஆகும் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், காற்றே இல்லாதபோது போக ஏழு, வர ஏழு, மொத்தம் பதினான்கு மணி நேரம். காற்று இருந்தால் மொத்தம் பதினான்கு மணி 24 நிமிடம். போகும்போது காற்று கொடுத்தது ஒரு மணி நேரம். வரும்போது பறித்தது ஒரு மணி 24 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருக்கிறது, பின்காற்றை விட்டு விரைவில் வெளியே வந்துவிடுகிறது. அதனால் எந்தக் காற்றாக இருந்தாலும் போய்வரும் கணக்கில் நமக்கு நட்டம்தான்.

விமானத்தின் பக்கம் நின்று பார்த்தால் தூரம் என்பதே வேறாகிவிடுகிறது. அது தரையைத் தொட்டுக்கொண்டு ஓடவில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. டோக்கியோ போகும் ஆறு மணி நேரத்தில் அது கிழித்த காற்று 5,400 கி.மீ. திரும்பும்போது 7,560 கி.மீ. எரிபொருள் இந்தக் காற்றுத் தூரத்துக்குத்தான் செலவாகிறது. வரும் வழியில் கூடுதலாகப் பறக்கும் இரண்டு மணி 24 நிமிடத்துக்குப் பன்னிரண்டு டன் அளவில் கூடுதல் எரிபொருள் வேண்டும். அந்தப் பன்னிரண்டு டன்னைத் தூக்கிச் சுமப்பதற்கும் எரிபொருள் வேண்டும். இதனால்தான் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பாதை வகுப்பவர்கள் அன்றைய காற்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்த உயரத்தில், எந்தத் தடத்தில் காற்றுத் தூரம் குறையும் என்று கணினியில் தேடுகிறார்கள். எதிர்காற்றின் மையத்தைத் தவிர்க்க நூறு கிலோமீட்டர் விலகிப் போவது பல நாட்களில் லாபமாகவே முடியும். அந்த வரைபடத்துக்கு வேண்டிய அளவுகளில் ஒரு பகுதி இன்றும் பலூனிலிருந்துதான் வருகிறது. உலகெங்கும் ஒரே நேரத்தில், இந்திய நேரப்படி காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் உரிய அளவுகளுக்காக, நூற்றுக்கணக்கான இடங்களில் பலூன் விடுகிறார்கள். ததேனோவும் அவற்றில் ஒன்று.

ஆனால் இது எல்லாம் குளிர்காலக் கதை. ஜூன் மாதம் பருவமழை தொடங்கும் சமயத்தில் இந்த ஏற்பாடு முழுவதும் கலைந்துவிடுகிறது. வெயிலில் சூடேறிய திபெத்து மேலே உள்ள காற்றையும் சூடாக்க, தென்கிளை மறைந்து ஜெட் காற்று பீடபூமிக்கு வடக்கே தாவிவிடுகிறது. தென்னிந்தியாவின் மேலே நேரெதிராகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று கிளம்புகிறது. இதைப் பற்றி 1958இல் விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதியவர் பி. கோட்டேஸ்வரம், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். அந்தக் கீழைக்காற்றின் மையம் விமானங்களுக்கு மேலே, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிறது. அதன் அடிப்பகுதி மட்டும் விமானத்தில் படும். ஜூலையில் சென்னையிலிருந்து 2,900 கி.மீ. தள்ளியிருக்கும் சிங்கப்பூருக்குப் போகிறவருக்கு எதிர்காற்றும், அங்கிருந்து வருகிறவருக்குப் பின்காற்றும் கிடைப்பது அதனால்தான். டெல்லி–டோக்கியோவுக்கு நேர்மாறான நடைமுறை இது. வித்தியாசம் என்னவோ நிமிடக் கணக்கில்தான்.

விமான நிறுவனங்கள் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கால அட்டவணையை மாற்றும்போது, அதே விமானத்தின் பயண நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுவதையும் குறைவதையும் கவனித்தால், இந்தப் பருவ மாற்றம் தாளில் அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். விமானத்துக்குள்ளேயே பார்க்கவும் வழியுண்டு. இருக்கைக்கு முன்னுள்ள திரையில் வரைபடத்தோடு தரைவேகம் என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். விமானம் மேலேறி நிலைத்த பிறகு அதிலிருந்து 900ஐக் கழியுங்கள். மிஞ்சுவது ஏறக்குறைய நம்மைத் தள்ளும் காற்று, எண் 900க்குக் கீழே இருந்தால் குறைவது நம்மைத் தடுக்கும் காற்று. ஜனவரியில் டோக்கியோவை நோக்கிக் கியூஷுவின் மேலே போகும்போது அந்த எண் 1,100ஐத் தாண்டி நிற்கும். ஜூலையில் அதே இடத்தில் 950க்குப் பக்கத்தில்தான் இருக்கும்.